பெரிய மீன் இருக்கும், குஞ்சு இருக்காது! சுரங்கத்தில் இருந்து கசியும் செலினியம் ஆற்று மீன்களை என்ன செய்கிறது?

சத்து மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைப் பார்த்தால் 'செலினியம்' என்ற பெயர் இருக்கும். மனிதர், மீன் எல்லோருக்கும் இது கொஞ்சம் தேவை. ஆனால் தேவையான அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் நடுவே இடைவெளி ரொம்பக் குறைவு. அந்த எல்லையைத் தாண்டினால் என்ன ஆகும்? கனடாவின் நிலக்கரிச் சுரங்கங்களுக்குக் கீழே ஓடும் ஆறுகளில் பல ஆண்டுகளாக இதுதான் பிரச்சினை.

எங்கே நடக்கிறது?

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் இருக்கிறது எல்க் பள்ளத்தாக்கு. இரும்பு உருக்காலைகளுக்குத் தேவையான நிலக்கரி இங்கே மலையை வெட்டி எடுக்கப்படுகிறது. கரியை எடுத்த பிறகு மிஞ்சும் பாறைகளை மலைபோல் குவித்து வைக்கிறார்கள். மழையும் உருகும் பனியும் அந்தக் குவியலுக்குள் இறங்கும்போது, பாறையில் இருக்கும் செலினியம் கரைந்து ஃபோர்டிங், எல்க் ஆறுகளில் கலக்கிறது. சுரங்கத்தை மூடினாலும் குவியல் அங்கேயேதான் இருக்கும். கசிவும் நிற்காது.

தண்ணீரில் கொஞ்சம்தானே, மீனுக்கு என்ன?

இங்கேதான் சிக்கல். தண்ணீரில் ஒரு லிட்டருக்கு சில மைக்ரோகிராம்தான் இருக்கும். பாசி அதை உறிஞ்சி, தண்ணீரில் உள்ளதைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு, சில இடங்களில் ஆயிரக்கணக்கான மடங்கு சேர்த்து வைக்கிறது. பாசியைப் பூச்சிகள் தின்கின்றன, பூச்சிகளை மீன் தின்கிறது. ஆக, மீனுக்கு விஷம் வருவது முக்கியமாகச் சாப்பாடு வழியாகத்தான்.

தாய் மீன் பெரும்பாலும் ஆரோக்கியமாகவே தெரியும். அதன் உடம்பில் சேர்ந்த செலினியம் முட்டையின் மஞ்சள் கருவுக்குப் போகிறது. பொரிந்த குஞ்சு அந்தக் கருவை உறிஞ்சித்தான் வளர வேண்டும். விளைவு: வளைந்த முதுகெலும்பு, கோணலான தாடை, சரியாக வளராத துடுப்பு, நீர் கோத்து வீங்கிய உடல். பல குஞ்சுகள் சில நாட்களிலேயே இறந்துவிடும். அதனால் செத்து மிதக்கும் மீன்களை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. பெரிய மீன்கள் வயதாகிப் போகும்போதுதான், அவற்றின் இடத்துக்கு வர ஆளில்லை என்பது தெரியும்.

முன்பு இப்படி நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. அமெரிக்காவின் வட கரோலினாவில் பெலூஸ் ஏரி. அங்கே செலினியம் வந்தது சுரங்கத்தில் இருந்து அல்ல, அனல் மின் நிலையத்தின் நிலக்கரிச் சாம்பல் நீரில் இருந்து. 1970-களில் அது ஏரியில் கலந்தது. லிட்டருக்கு சுமார் 10 மைக்ரோகிராம்தான். ஆனால் ஏரியில் இருந்த 20 வகை மீன்களில் 19 வகை அழிந்தன. 1980-களின் நடுவில் சாம்பல் நீரை நிறுத்தினார்கள். 10 ஆண்டுகள் கழித்தும் குறைபாடுள்ள குஞ்சுகள் கிடைத்தன. காரணம், அடிச்சேற்றில் தங்கிய செலினியம்.

கனடாவில் என்ன நடவடிக்கை?

எல்க் பள்ளத்தாக்கு சுரங்கங்களை நடத்திய டெக் நிறுவனம், 2012-ல் கழிவுநீர் ஆற்றில் கலந்த வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. 2021-ல் 6 கோடி கனடிய டாலர் செலுத்த உத்தரவு. மேல் ஃபோர்டிங் ஆற்றில் வாழும் கட்த்ரோட் ட்ரவுட் மீன்களில், வளர்ந்த மீன்கள் 2017-க்கும் 2019-க்கும் இடையே 93 சதவீதம் குறைந்தன. இதற்குச் செலினியம்தான் நேரடிக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. கடும் பனியும், குளிர்காலத்தில் தங்க இடம் குறைந்ததும் முக்கியக் காரணம் என்றது நிறுவனம் அமைத்த நிபுணர் குழு. ஆனால் எந்தக் காரணத்தால் மீன் குறைந்தாலும், அதை ஈடுகட்ட வேண்டியது குஞ்சுகள்தான்.

எல்க் ஆறு சேரும் கூக்கனுசா ஏரி, எல்லை தாண்டி அமெரிக்காவின் மொன்டானா வரை நீள்கிறது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 2 மைக்ரோகிராம். ஏரிக்காக மொன்டானா 2020-ல் வைத்த வரம்பு 0.8 மட்டுமே. 2024 மார்ச்சில் இரு நாடுகளும், அங்குள்ள டுனாஹா பழங்குடி மக்களுடன் சேர்ந்து, விவகாரத்தைச் சர்வதேசக் கூட்டு ஆணையத்திடம் கொண்டு போயின.

தீர்வு இருக்கிறதா?

ஓரளவு இருக்கிறது. பாக்டீரியாக்களைப் பயன்படுத்தி, கரைந்த செலினியத்தைத் திடப்பொருளாக மாற்றிப் பிரிக்கிறார்கள். பழைய சுரங்கக் குழியைப் பாறையாலும் நீராலும் நிரப்பி, அதற்குள்ளேயே இதைச் செய்யும் முறையும் உண்டு. ஆனால் குவியல் இருக்கும்வரை சுத்திகரிப்பும் நடந்துகொண்டே இருக்க வேண்டும்.

ஆற்றைச் சோதிக்கும் முறையும் மாறியிருக்கிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2016-ல் வெளியிட்ட அளவுகோலில், தண்ணீரை விட மீன் முட்டைக்கே முதலிடம். உலர்ந்த எடையில் கிலோவுக்கு 15.1 மில்லிகிராம் தாண்டக் கூடாது. தண்ணீர் தெளிவாக இருக்கலாம், பெரிய மீன் துள்ளலாம். ஆற்றின் உண்மையான நிலவரம் முட்டையில்தான் தெரியும்.