கட்டுத்தறியும் குதிரையும்

சங்கரன்கோயிலை அடுத்த திருவேங்கடத்தில் நான் பள்ளிச் சிறுவனாக இருந்தபோது, எங்கள் தெருவில் ஜட்கா வண்டிக்காரர் ஒருவர் இருந்தார். அவர் புதிதாக வாங்கி வந்த குதிரை, முளையில் கட்டியவுடன் மிரண்டு பின்வாங்கிக் கயிற்றை அறுத்துவிடும். கயிற்றைத் தடிப்பாக்கினார், அதன் மூர்க்கமும் மிகுந்தது. பிற்காலத்தில் பாண்டிய நாட்டு வரலாற்றைக் கற்பித்தபோதெல்லாம் அக்குதிரை என் நினைவுக்கு வந்தது.

1268-இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் பட்டம் ஏறினான். அவன் காலத்தில், தாமிரபரணி கடலொடு கலக்கும் இடத்தை அடுத்த காயல் துறையில் அரபு, பாரசீகக் குதிரைகள் மரக்கலங்களில் வந்து இறங்கின. கிஷ் தீவிலிருந்து மட்டும் ஆண்டுதோறும் 1,400 குதிரைகள் அனுப்ப ஏற்பாடு இருந்தது என்றும், ஒன்றின் விலை 220 செம்பொன் தீனார் என்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் எழுதுகிறார். கடலில் மாண்ட குதிரைக்கும் அரசு விலை கொடுத்ததாம்!

வந்தவற்றை லாயத்தில் கயிறுகளாலும் முளைகளாலும் நாற்பது நாள் பிணித்து, வறுத்த வாற்கோதுமையும் நெய் கலந்த தானியமும் காய்ச்சிய பசும்பாலும் ஊட்டிக் கொழுக்க வைத்தனர். பின்னர்ப் பழக்காமலே ஏறிச் செலுத்தினர். குதிரைகள் விரைவில் வலிவிழந்தன என்கிறார் அவர். ஆண்டிறுதியில் நூறு குதிரைகளும் எஞ்சுவதில்லை என்றும், நாட்டுச் செல்வத்தில் பெரும்பகுதி இவ்வாறே கரைந்தது என்றும் மார்க்கோ போலோ வருந்துகிறார். அயலார் கூற்றில் மிகை இருக்கலாம். பாலும் நெய்யும் ஊட்டியவர்களை அன்பற்றவர் என்று நான் சொல்லமாட்டேன், பழக்கத்தான் தவறினர்.

குதிரை ஓடித் தப்பிப் பிழைக்கும் விலங்கு. காதுகளின் பின்னே தலைக்கயிறு அழுத்தினால், அகப்பட்டோம் என்றஞ்சிப் பின்னோக்கிப் பாய்கிறது. பாயுந்தோறும் அழுத்தம் பெருகுகிறது; அச்சமும் பெருகுகிறது. கி.மு. நான்காம் நூற்றாண்டிலேயே கிரேக்கராகிய செனபோன், தமது பரிநூலில், குதிரையின் தலையினும் உயரமான இடத்தில் கயிற்றைக் கட்டுமாறு எழுதினார். முகத்தில் ஏதேனும் உறுத்தினால் குதிரை தலையை மேலே உதறும். உயரக் கட்டிய கயிறு அப்போது தளர்ந்து கொடுக்கும். சினத்தோடு குதிரையை அணுகலாகாது என்பதும் அவர் விதி.

எங்கள் ஜட்காக்காரர் செனபோனைக் கற்றவரல்லர். ஆயினும் ஒருநாள் முளையைப் பிடுங்கி எறிந்தார். கயிற்றை முடிச்சிடாமல் வேப்பமரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, நுனியைக் கையில் பிடித்துக்கொண்டார். குதிரை இழுத்தால் கயிறு வழுகிச் சற்றே இடங்கொடுக்கும். அது ஓரடி முன்வந்தால் அக்கணமே தளர்த்திக் கழுத்தைத் தடவுவார். இப்படியே பல நாட்கள். பிறகுதான், ஓர் இழுப்பில் அவிழும் சுருக்கிட்டுக் கட்டினார். நாங்கள் சிறுவர்கள் மூச்சடக்கி நின்றோம். பேருந்து ஒன்று உறுமிக்கொண்டு கடந்தது. குதிரை ஒரு காதைத் திருப்பிற்று. மறுபடியும் கொள்ளு மெல்லத் தொடங்கிற்று.