மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள்

147573952589676412927.

யாரோ அக்கவுண்ட் நம்பரைத் தப்பாக அடித்துவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். 67 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, ஒன்றைக் கழித்தால் வரும் 21 இலக்க எண் இது. கம்ப்யூட்டர் பாஷையில் 0, 1 மட்டும் வைத்து எழுதினால், வரிசையாக 67 ஒன்றுகள். நான் வெறும் பி.காம்.தான். ஆனாலும் இதன் சரித்திரம் படித்ததிலிருந்து இந்த எண் மேல் எனக்கு ஒரு தனிப் பிரியம்.

1644-ல் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி, இந்த வகை எண்களில் எவையெல்லாம் பகா எண்கள் என்று ஒரு பட்டியல் போட்டார். நம்ம ஆளும் அதில் உண்டு. வகுத்துப் பார்த்து முடிகிற காரியமா? பெரியவர் சொல்லிவிட்டார், அப்பீல் ஏது என்று 200 வருஷத்துக்கு மேல் ஓடியது.

1876-ல் எடுவார் லூக்கா என்ற பிரெஞ்சுக்காரர், இது பகா எண் இல்லை என்று நிரூபித்தார். வேடிக்கை என்னவென்றால், எந்த எண்ணால் வகுபடும் என்பது அவருக்கும் தெரியாது! வகுக்காமலே சோதிக்கிற முறை அவருடையது.

அதெப்படி என்கிறீர்களா? பேங்க்காரர்களுக்குச் சட்டென்று புரியும். சாயங்காலம் கணக்கு டேலி ஆகவில்லை. இங்கே இந்தூரில் 'ஃபரக் ஆ கயா' என்பார்கள். வித்தியாசம் இருக்கிறது என்பது ஒரே நிமிஷத்தில் தெரிந்துவிடும். எந்த வவுச்சரில் என்று தேடுவதுதான் ராத்திரி எட்டு மணி வரை இழுக்கும்.

லூக்கா விட்டுப்போன வவுச்சரைத் தேடி எடுத்தவர் ஃபிராங்க் நெல்சன் கோல் என்ற அமெரிக்கப் பேராசிரியர். இந்த எண்ணை வகுக்கும் எதையும் 134-ஆல் வகுத்தால் மீதி 1 வந்தாக வேண்டும் என்பது விதி. அப்படியும், அவர் பிடித்த சின்ன எண் 134-ன் 14,45,580-வது மடங்கோடு ஒன்று கூட்டியது. எல்லாம் கையால் போட்ட கணக்கு.

1903 அக்டோபர் 31, நியூயார்க்கில் அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டம். கோல் வாயே திறக்காமல் கரும்பலகையில் முதலில் இந்த எண்ணை வருவித்தார். பக்கத்தில் 193707721-ஐ 761838257287-ஆல் பெருக்கினார். இரண்டு விடையும் ஒன்று. போய் உட்கார்ந்தார். ஒரே கைத்தட்டல். எவ்வளவு நாள் ஆயிற்று என்று கேட்டதற்கு, 'மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள்' என்றாராம். இது எரிக் டெம்பிள் பெல் என்ற கணித வரலாற்றாசிரியர் பிற்பாடு எழுதிய கதை.

பெருக்குவது சுலபம், பிரிப்பது கஷ்டம். 1977-ல் ரிவெஸ்ட், ஷமிர், ஏடில்மன் மூவரும் இதை வைத்தே ஒரு பூட்டு செய்தார்கள். ஆர்.எஸ்.ஏ. என்ற அந்தப் பூட்டை நெட் பேங்கிங்கிலும் பயன்படுத்துகிறார்கள். கோலின் எண்ணை இன்றைய கம்ப்யூட்டர் கண்சிமிட்டும் நேரத்தில் உடைத்துவிடும். அதனால்தான் பூட்டுக்கு 600 இலக்கத்துக்கு மேல் உள்ள எண்கள் தேவைப்படுகின்றன.

வருகிற ஞாயிறு ஒரு தாளை எடுத்து, கால்குலேட்டர் இல்லாமல் நீங்களே பெருக்கிப் பாருங்கள். விடை இந்தப் பதிவின் முதல் வரியில் இருக்கிறது. அந்த மனிதர் மூன்று வருஷம் எதைத் தேடினார் என்பது அப்போது விரல் வலியில் தெரியும்.