பரம்பரையாக வந்தது நோயா, வேலையா?

போடியில் விடியுமுன் ஜீப் ஏறி, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குப் போகும் நம் பெண்களில் ஒருவருக்குப் புற்றுநோய் என்றால், ஆஸ்பத்திரியில் கேட்பார்கள்: "குடும்பத்துல யாருக்காச்சும் இருந்துச்சா?" அம்மாவுக்கு இருந்தது என்றால், "பரம்பரை வியாதி" என்று ஊர் முடித்துவிடும். அந்த அம்மாவும் அதே மலையில்தான் காய் எடுத்தார் என்பது எந்தச் சீட்டிலும் ஏறாது.

தோழர்களே, இந்தக் கணக்கை வரலாற்றில் வைத்துப் பார்ப்போம். 1775-ல் லண்டன் மருத்துவர் பெர்சிவல் பாட், புகைபோக்கி துடைப்பவர்களின் விதைப்பையில் வரும் புற்றுநோய்க்குப் புகைக்கரியே காரணம் என்று எழுதினார். சிறுவயதிலேயே புகைபோக்கிக்குள் ஏற்றப்பட்டவர்களில் பலர் அநாதைகள், ஏழை வீட்டுப் பிள்ளைகள். அவர்களுக்குள் ரத்த உறவு கிடையாது. உடம்பில் ஒட்டிய கரிதான் பொது. காரணம் தெரிந்தும், சிறுவர்களை ஏற்றும் வழக்கத்தை ஒழிக்க 1875 வரை ஆனது. நூறு வருஷம்!

மரபணுவுக்குப் பங்கு உண்டுதான். 1994-ல் அடையாளம் கண்ட பி.ஆர்.சி.ஏ.1 மரபணுவில் கோளாறு இருந்தால் மார்பக, சினைப்பைப் புற்றுநோய் ஆபத்து பல மடங்கு கூடும். அம்மாவுக்கோ அக்காவுக்கோ இளம் வயதில் மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஆனால் இப்படி நேரடியாக வழிவழியாய் வருபவை மொத்தப் புற்றுநோய்களில் ஏறக்குறைய 5 முதல் 10 சதவீதம்தான்.

இன்னொரு வகையும் உண்டு. 1895-ல் ஜெர்மானிய மருத்துவர் லுட்விக் ரேன், சாயத் தொழிற்சாலைத் தொழிலாளர்களிடம் சிறுநீர்ப்பைப் புற்றுநோயைக் கண்டார். அந்த வகை நச்சை உடம்பு முறிக்கும் வேகம் பிறப்பிலேயே ஆளுக்கு ஆள் மாறும், மெதுவாக முறிப்பவருக்கு ஆபத்து கூடுதல் என்பது பிற்பாடு தெரிந்தது. வாகு பெற்றோர் கொடுத்தது. நச்சைக் கொடுத்தவர் முதலாளி.

பிறக்கும் முன்பே தொழிலை விதித்துவிடுகிறது சாதி என்று 1936-ல் அம்பேத்கர் வாதிட்டார். நம் குடும்பங்களில் ரத்தத்தோடு வேலையும் இறங்குகிறது. தாத்தா காலத்தில் வயலில் வெறுங்கையால் தூவிய பி.எச்.சி. பவுடர் 1997-ல்தான் இந்தியாவில் தடையானது. அதில் இருந்த லிண்டேன் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் ஆய்வு முகமை முடிவு செய்தது 2015-ல். தாத்தாவுக்கு வந்ததைப் பேரனின் சீட்டில் எப்படி எழுதுவது?

அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் போடித் தம்பி தங்கைகள், ஒரு தாளில் எழுதி எடுத்துப்போங்கள்: எந்தத் தோட்டம், எத்தனை வருஷம், மருந்து டப்பாவில் என்ன பெயர், மருந்து அடித்த எத்தனையாம் நாள் காய் எடுக்க இறக்கினார்கள். டாக்டர் கேட்காவிட்டாலும் கொடுங்கள்.