ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பும் பாய்மரக் கப்பல் வரலாறும்

பாய்மரக் கப்பல் காலக் கடற்போர்களை ஆராய உதவும் முக்கியமான தமிழ் நூல் ஆனந்தரங்கப் பிள்ளையின் (1709–1761) நாட்குறிப்பு ஆகும். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் துபாஷியாக விளங்கிய இவர், 1736 முதல் 1761 வரை கப்பல்களின் வரவு, வணிகம், போர்ச் செய்திகள் ஆகியவற்றைப் பதிவு செய்தார். இதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக வெளிவந்தது.

மற்ற நூல்களோடு இதை ஒப்பிடும் மாணவர்கள் தேதிகளில் கவனமாக இருக்க வேண்டும். 1746இல் லா பூர்தொனேயின் கப்பற்படையிடம் சென்னை வீழ்ந்த நாள் பிரெஞ்சுக் கணக்கில் செப்டம்பர் 21. ஆங்கிலக் கணக்கில் செப்டம்பர் 10. இங்கிலாந்து 1752 வரை பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றியதே இந்த 11 நாள் வேறுபாட்டுக்குக் காரணம்.

மேலும், பிள்ளை கரையில் இருந்தபடி கண்டதையும் கேட்டதையும் எழுதியவர். எனவே கடலில் நடந்தவற்றுக்குக் கப்பல் பதிவேடுகளையும் சேர்த்துப் படித்தே முடிவுக்கு வர வேண்டும்.