உருவும் விரைவும்

உருவங்கண்டு ஒருவரை எடைபோடுதல் மக்களின் பழைய வழக்கம். அகத்தியரைக் குறுமுனிவர் என்று போற்றிய இனத்தார்க்கும் அவ்வழக்கம் விட்டபாடில்லை. கடுகின் காரத்தைப் பழமொழியிற் புகழ்வோம். திடலில் ஆட்டக்காரனைத் தெரிந்தெடுக்கும்போது மட்டும் நெடியவனையே தேடுவோம். இவ்வழக்கம் எவ்வளவு பொருந்தும் என்பதை விளையாட்டு வரலாற்றின் துணைகொண்டு ஈண்டு ஆராய்வோம்.

2024 ஜனவரி 25-ஆம் நாள், கத்தாரில் நடந்த ஆசியக் கிண்ணப் போட்டியில் மலேசியா தென்கொரியாவுடன் 3-3 என்ற கணக்கில் சமநிலை கண்டது. மலேசியாவின் முதற் கோலை அடித்தவர் பினாங்கிற் பிறந்த பைசால் ஹாலிம். அவர் உயரம் 158 சென்டிமீட்டர். எதிரணித் தற்காப்பாளர் கிம் மின்-ஜேயோ 190 சென்டிமீட்டர். பன்னிரண்டு வயதில் பைசால் நம் பள்ளித் திடலுக்கு வந்திருந்தால் அவரை நாம் தெரிந்தெடுத்திருப்போமா? வினா இதுதான்.

இதே வினாவைப் பணமும் கடிகாரமும் கொண்டு நெடுங்காலமாக ஆராய்ந்து வருவோர் அமெரிக்கர். அவர்கள் காற்பந்து என்று ஆடுவது நம் ஆட்டமன்று. முட்டை வடிவப் பந்தைக் கையால் எறிந்தும் ஏந்தி ஓடியும் ஆடுவது. ஓரத்தில் நின்று, முன்னோக்கிப் பாய்ந்து, எறியப்படும் பந்தைப் பிடிப்போரைப் பற்றுநர் எனலாம். கல்லூரியில் ஆடிய சிறிய, விரைவான பற்றுநர் தொழில்முறை ஆட்டத்துக்குத் தேறுவாரா என்பது அங்கே ஆண்டுதோறும் எழும் வழக்கு.

முதலில் விரைவை எடுத்துக்கொள்வோம். 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் நம் ஜெகதீசன் 200 மீட்டர் அரையிறுதி வரை ஓடினார். அதே ஒலிம்பிக்கில் 100 மீட்டரை 10.0 விநாடியில் ஓடித் தங்கம் வென்றவர் பாப் ஹேய்ஸ். மறு ஆண்டே அவர் டாலஸ் அணியிற் பற்றுநராகி, முதற் பருவத்திலேயே 1,003 கெஜம் ஈட்டினார். ஆளுக்கு ஆள் காவல் நின்று அவரைத் தடுக்க இயலாமற் போகவே, இடத்தைப் பகுத்துக் காக்கும் முறையை எதிரணிகள் வளர்த்தன.

1968-இல் மெக்சிகோ ஒலிம்பிக். ஜெகதீசன் அங்கே 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடினார். 2017 வரை அது மலேசியச் சாதனையாக நின்றது. அங்கு 100 மீட்டரில் 9.95 விநாடியில் வென்ற ஜிம் ஹைன்ஸையும் ஒரு தொழில்முறை அணி சேர்த்துக்கொண்டது. ஆனால் அவர் தம் ஆட்ட வாழ்வு முழுவதிலும் பிடித்தவை இரண்டே பந்துகள்! இருவரும் ஒலிம்பிக் வெற்றியாளர்; இருவர் காலும் மின்னற் கால். வேறுபாடு யாது? ஹேய்ஸ் கல்லூரியிலேயே அவ்வாட்டத்தைப் பயின்றவர். ஹைன்ஸ் ஓட மட்டுமே பயின்றவர்.

இனி உருவத்தைக் காண்போம். சிறிய உடலைத் தொடக்கத்திலேயே தடுப்பவர் கைவைத்து மடக்கிவிடுவார் என்பது தேர்வாளர் அச்சம். அஃது ஆதாரமற்ற அச்சமன்று. எனினும் 1978-இல் ஒரு விதி மாறியது. தொடக்கக் கோட்டிலிருந்து 5 கெஜத்துக்கு அப்பால் பற்றுநரை அவ்வாறு தடுத்தல் கூடாது என்றாயிற்று. சிறியவர்க்கு அது கதவைத் திறந்தது. 175 சென்டிமீட்டர் உயரமே உள்ள ஸ்டீவ் ஸ்மித்தை 2001-இல் 74-ஆவது ஆளாகத்தான் எடுத்தனர். 2005 பருவத்தில் ஈட்டிய கெஜத்தில் அவரே முதல்வர்.

மாறாக, 2017 தேர்வில் 40 கெஜத்தை 4.22 விநாடியில் ஓடி அந்நாளைய சாதனை படைத்த ஜான் ராஸ் ஒன்பதாமவராக எடுக்கப்பட்டார். முதற் பருவத்தில் அவர் ஒரு பந்தும் பிடிக்கவில்லை. கடிகாரம் பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் விடை சொல்லிற்று. கேளாததற்கு அது என் செய்யும்?

ஆகவே உயரம், எடை, விநாடி ஆகியவை எளிதில் அளக்கத்தக்கவை. எளிதில் அளக்கத்தக்கது என்பதனாலேயே ஒன்று முதன்மையாகிவிடாது. வெற்றிடத்தை முன்னறியும் கண், ஓடியவாறே திரும்பும் இடுப்பு, மோதுண்டு வீழ்ந்தும் எழும் நெஞ்சு ஆகியவற்றை ஆட்டத்தில் வைத்துப் பலநாள் பார்த்தே அறிதல் வேண்டும். கொரியக் காவலுக்கிடையே பைசாலுக்குக் கைகொடுத்தவை இவையே. உருவம் ஒரு பொருட்டே அன்று எனல் மிகை. அதுவே தீர்ப்பு எனல் பிழை.

இது நமக்கு எட்டாத செய்தியன்று. ஒரே பிறப்பாண்டைக் கொண்டு பள்ளி அணி வகுக்கும்போது, ஜனவரியிற் பிறந்தவனும் டிசம்பரிற் பிறந்தவனும் ஒரே வரிசையில் நிற்கின்றனர். இருவர்க்குமிடையே ஏறத்தாழ ஓராண்டு வளர்ச்சி வேறுபாடு. பெரியவனுக்கு அணியும் பயிற்சியும் கிட்டும். சிறியவனுக்கு எல்லைக்கோட்டுக்கு வெளியே பந்து பொறுக்கும் வேலை கிட்டும். ஆறாண்டு கழித்து உயரம் ஒத்துவந்தாலும் இழந்த பயிற்சி திரும்பாது.

கோத்தா திங்கி வட்டாரத்துத் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளில் பிள்ளைகள் சிலரே. அவருள் ஒருவனை இழப்பதும் பேரிழப்பு. ஆசிரியர்கள் அணியின் பெயர்களை எழுதுமுன், வரிசையின் கடைசியில் நிற்கும் சிறுவனுக்கு ஓர் ஆட்டமேனும் முழுமையாகத் தந்து பார்ப்பார்களாக. அளவுகோல் அதன்பின் பேசட்டும்.