மெத்தையும் கடன் முறியும்: 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கைம்பெண்ணின் உடைமைப் பட்டியல்

இங்கிலாந்தில் இறந்தோரின் அசையும் பொருள்களை அறைவாரியாகக் கணக்கிட்டு விலை குறித்த பட்டியல்கள், 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையிலான காலத்தைச் சேர்ந்தவை, பல்லாயிரக்கணக்கில் எஞ்சியுள்ளன. 1529ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, உயிலை நிறைவேற்றுபவரோ சொத்தை நிருவகிப்பவரோ இத்தகைய பட்டியலைத் திருச்சபை நீதிமன்றத்தில் அளிக்க வேண்டும் என்று விதித்தது. பட்டியலிடும் பணியை இறந்தவரின் அண்டை அயலார் இருவர் முதல் நால்வர் வரை கூடிச் செய்தனர். அவர்கள் அறிஞர் அல்லர். உழவர், தச்சர், கடைக்காரர் போன்றோர். ஆகவே அவர்கள் எழுதிவைத்த சொற்கள் அன்றாட வழக்கில் புழங்கிய சொற்களே. இலக்கியங்களில் காணக் கிடைக்காத பொருட்பெயர்கள் பல இப்பட்டியல்களில் கிடைப்பதற்கு இதுவே காரணம்.

இப்பட்டியல்களில் பெண்களின் பெயரால் அமைந்தவை குறைவு. அவற்றுள்ளும் பெரும்பாலானவை கைம்பெண்களுக்கு உரியவை. ஆங்கிலப் பொதுச் சட்டத்தின்படி, மணமான பெண்ணின் அசையும் பொருள் அனைத்தும் மணநாள் தொட்டுக் கணவனுடையதாகிவிடும். அவன் இசைவின்றி அவள் உயில் எழுத இயலாது. தனக்கெனப் பொருள் இல்லாதவளுக்குப் பட்டியலும் இல்லை. கணவன் இறந்த பின்னரே அவள் சட்டத்தின் முன் தனி ஆளாகிறாள். ஆணின் பட்டியல் ‘உழவர்’, ‘தையற்காரர்’ எனத் தொழிலால் தொடங்க, அவளது பட்டியல் ‘விடோ’ என்று தொடங்குவது வெறும் இரக்கக் குறிப்பன்று. அது ஒரு சட்டத் தகுதி.

இச்சொல்லின் வரலாறும் இங்குக் கருதத்தக்கது. ஆங்கிலத்தின் ‘விடோ’, இலத்தீனின் ‘விதுவா’, வடமொழியின் ‘விதவா’ மூன்றும் ஒரே இந்தோ-ஐரோப்பிய மூலத்தினின்று பிறந்தவை. ‘பிரிந்த, வெறுமையான’ என்னும் பொருளுடையது அம்மூலம். வடமொழியாளர் பிற்காலத்தில் இதனை ‘வி’ என்றும் ‘தவ’ என்றும் பிரித்து, ‘கணவன் இல்லாதவள்’ எனப் பொருள் கொண்டனர். ‘கணவன்’ என்னும் பொருளில் ‘தவ’ என்ற சொல் தோன்றியதே இப்பிரிப்பின் விளைவு. ஆங்கிலத்திலோ பெண்பாற் சொல்லினின்று ‘விடோயர்’ என்னும் ஆண்பாற் சொல் ஆக்கப்பட்டது. ஆண்பாலே அடிச்சொல்லாக நிற்கும் பொது வழக்குக்கு இது மாறானது. பெண்ணுக்கே இந்நிலை சட்டத்திலும் வாழ்விலும் பெருமாற்றமாக இருந்தது என்பதை எண்ணினால் இதில் வியப்பில்லை.

பட்டியலில் இல்லாத செல்வம்

கைம்பெண்ணின் பட்டியல் பல வேளைகளில் மிகச் சுருக்கமாக இருக்கும்: ஓர் அறை, ஒரு மெத்தை, இரண்டு பெட்டிகள், சில துணிகள். இதைக் கண்டவுடன் ‘ஏழைக் கைம்பெண்’ என்று முடிவு செய்வது எளிது, பெரும்பாலும் தவறு. பட்டியல் என்பது அவள் அனுபவித்த செல்வத்தின் கணக்கன்று. அவள் இறந்தபின் பிறருக்குச் செல்லத்தக்க அசையும் பொருளின் கணக்கு மட்டுமே அது.

கணவன் இறந்தபின் அவனுடைய நிலத்தில் மூன்றிலொரு பங்கை வாழ்நாள் முழுதும் அனுபவிக்கும் உரிமை பொதுச் சட்டப்படி அவளுக்கு உண்டு. இதுவே ‘டவர்’ எனப்படுவது. பண்ணை மன்றத்தின் பதிவேட்டின்வழிப் பெற்ற நிலமாயின் அவ்வூர் வழக்கப்படி அவளுக்குக் கிடைத்தது ‘ஃப்ரீ பெஞ்ச்’. இதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘இலவசப் பலகை’ என்றே வரும். அப்பெயர்ப்பைச் செய்ய ஒருவர் துணியவும் கூடும். கணவனின் நிலத்தில் கைம்பெண்ணுக்கு உள்ள வாழ்நாள் உரிமையையே அது குறிக்கிறது. சில ஊர்களில் அவள் மறுமணம் செய்துகொண்டால் அவ்வுரிமை பறிபோகும். ‘டவர்’ ஆயினும் ‘ஃப்ரீ பெஞ்ச்’ ஆயினும் அவள் மூச்சு நின்ற கணமே அதுவும் நின்றுவிடுகிறது. ‘என் மனைவி உயிருடன் உள்ளவரை’ எனக் கணவன் உயிலில் எழுதிவைத்த பாத்திரமும் மேசையும் அவ்வாறே. முப்பது ஆண்டுகள் அவள் ஆண்ட வீடும் நிலமும் அவளது பட்டியலில் ஒரு வரியாகவும் இடம்பெறா.

இவற்றுக்குப் பெயரிடுகையில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் இடர்ப்படுவது இயல்பு. ‘டவர்’ என்பதும் ‘டவ்ரி’ என்பதும் ஒரே இலத்தீன் வேரினின்று வந்து, எதிரெதிர்த் திசையில் செல்பவை. பின்னது பெண் வீட்டார் தருவது. முன்னது கணவனின் நிலத்தினின்று கைம்பெண்ணுக்கு வருவது. இரண்டையும் ‘சீதனம்’ என்று பெயர்த்தால் பொருள் தலைகீழாகிவிடும். யாழ்ப்பாணத்துத் தேசவழமை 1707இல் ஒல்லாந்தர் ஆட்சியில் தொகுக்கப்பட்டபோது, சொத்தினை முதுசம், சீதனம், தேடியதேட்டம் எனப் பாகுபடுத்தியது. அச்சொற்கள் செறிவானவை, ஆயினும் அவை வேறொரு சட்டத்தின் சொற்கள். ஆங்கில ‘டவர்’ என்பதற்குக் ‘கைம்பெண் வாழ்நாள் பங்கு’ என விரித்து எழுதுவதே தக்கது.

சட்டம் தந்தது இவ்வளவே என்றாலும் நடைமுறை வேறாக இருந்தது. ஏமி லூயிஸ் எரிக்சன் 1993இல் வெளியிட்ட, அக்காலப் பெண்களின் சொத்துரிமை பற்றிய நூல், எளிய குடும்பங்களில் கணவர் பலர் சட்டம் வேண்டியதைவிட மிகுதியாகவே மனைவிக்கு விட்டுச்சென்றனர் என்பதை உயில்களையும் நிருவாகக் கணக்குகளையும் கொண்டு காட்டியது. சட்ட நூலை மட்டும் படித்தவர் காணும் கைம்பெண் வேறு. ஆவணத்தில் தென்படுபவள் வேறு.

‘பெட்’ என்பது எது?

பட்டியல்களில் மிகுதியாகப் பயில்வதும் மிகுதியாகப் பிறழ உணரப்படுவதும் ‘பெட்’ என்னும் சொல். இக்கால ஆங்கிலத்தில் அது கட்டிலையும் மெத்தையையும் சேர்த்தே குறிக்கும். 17ஆம் நூற்றாண்டுப் பட்டியலில் அது பெரும்பாலும் மெத்தை மட்டுமே. மரத்தாலான கட்டிலுக்கு ‘பெட்ஸ்டெட்’ எனத் தனிச்சொல் உண்டு. கட்டில், மெத்தை, பாய், படுக்கை எனப் பகுத்து வழங்கும் தமிழுக்கு இங்கு இடர் இல்லை. அகராதியைத் திறந்தவுடன் கிடைக்கும் ‘படுக்கை’ என்ற சொல்லை எல்லா இடத்திலும் இடுவதாலேயே இடர் நேர்கிறது.

மெத்தைகளிலும் தரவரிசை இருந்தது. வைக்கோல் அடைத்தது கீழ்த்தரம். கம்பளிக் கழிவு அடைத்தது இடைத்தரம். இறகு அடைத்தது உயர்தரம். மெத்தை, நீள் திண்டு, தலையணை, கம்பளி, மேற்போர்வை, திரைச்சீலை அனைத்தும் சேர்ந்த ஒரு முழுத்தொகுதி, வீட்டுப் பொருள்களிலேயே விலை மிகுந்ததாக அமைவதுண்டு. துணிகளிலும் அவ்வாறே: விரிப்புகள் இணைஇணையாக எண்ணப்பட்டன, சணல்நார் விரிப்பு ஒரு விலை, ஆளிநார் விரிப்பு ஒரு விலை, ‘ஹாலந்து’ எனப்பட்ட மென்துணி அதனினும் உயர்ந்த விலை. நாட்டுப் பெயர் துணிப்பெயர் ஆனதற்கு இது ஒரு சான்று. கோழிக்கோட்டின் பெயரால் அமைந்த ‘காலிகோ’ மற்றொன்று. நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியப் பருத்தித் துணி ஆங்கில வீடுகளில் திரையாகவும் போர்வையாகவும் பரவியது. உள்நாட்டு நெசவாளரின் எதிர்ப்பால் அச்சிட்ட கீழைநாட்டுத் துணியின் இறக்குமதியை நாடாளுமன்றம் 1700இல் தடுக்க நேர்ந்தது. அத்துணியில் சோழமண்டலக் கரையின் தறிகளில் நெய்ததும் அடங்கும்.

‘பெட்’ பற்றிய மயக்கம் எவ்வளவு தொலைவு இட்டுச்செல்லும் என்பதற்கு சேக்சுபியரின் உயில் பெயர்பெற்ற சான்று. 1616 மார்ச்சில் எழுதிய உயிலில், மனைவி ஆனுக்கு அவர் தம் ‘இரண்டாவது சிறந்த பெட்’டினை அதன் ‘ஃபர்னிச்சர்’ உடன் கொடுத்தார். வரிகளுக்கிடையே செருகி எழுதப்பட்ட அந்த ஒரு வாக்கியத்தைக் கொண்டு, அவர் மனைவியை இகழ்ந்தார் என்று எழுதியோர் பலர். ‘ஃபர்னிச்சர்’ என்பதற்கு இங்கு மேசை நாற்காலி என்பது பொருளன்று. மெத்தைக்குரிய திரை, போர்வை, திண்டு முதலிய துணைப்பொருள்களே பொருள். சிறந்த மெத்தைத் தொகுதி விருந்தினருக்கோ வாரிசுக்கோ உரியதாக விடப்படுவதுண்டு. இரண்டாவதே தம்பதியரின் சொந்தப் படுக்கையாக இருந்திருக்கலாம் என்போரும் உளர். அது அன்பா அவமதிப்பா என்பதில் ஆய்வாளர் இன்றும் ஒருமிக்கவில்லை. ஆயினும் அது அற்பப் பொருளன்று என்பது உறுதி. ஆன் 1623இல் இறந்தார். சேக்சுபியரின் உடைமைப் பட்டியல் கிடைத்திருப்பின் அம்மெத்தையின் விலை தெரிந்திருக்கும், அது கிடைக்கவில்லை.

‘கார்ப்பெட்’ என்பதை ‘தரைவிரிப்பு’ எனப் பெயர்ப்பதும் இத்தகையதே. அக்காலத்தில் அது மேசைமேல் விரித்தது. ‘போர்டு’ என்பது தாங்கிகளின்மேல் வைத்துப் பின் எடுத்துவிடும் மேசைப்பலகை. ‘கப்போர்டு’ முதலில் கதவிட்ட அலமாரியன்று. கோப்பைகளைக் காட்சிக்கு அடுக்கிய பலகையே.

ஹார்டுவிக் மாளிகையின் கைம்பெண்

செல்வத்தின் மறு எல்லையில் நிற்பவர் ஷ்ரூஸ்பரிப் பிரபுவின் கைம்பெண்ணான ஹார்டுவிக் எலிசபெத். நால்வரை மணந்து நால்வரையும் இழந்தவர்; நான்காம் கணவர் 1590இல் இறந்தபின் டார்பிஷயரில் ஹார்டுவிக் புதுமாளிகையை எழுப்பி, 1597இல் அதில் குடிபுகுந்தார். கோபுரங்களின் உச்சியில் தம் பெயரின் முதலெழுத்துகளைக் கல்லில் பொறித்தார். 1601இல் தம் உயிலுடன் இணைத்த பட்டியல் இறப்பிற்குப் பின் அண்டை அயலார் எழுதியதன்று. தாம் உயிருடன் இருக்கையிலேயே, பொருள்கள் சிதறாமல் வீட்டோடு வாரிசுக்குச் செல்ல வேண்டும் என்னும் நோக்கில் எழுதுவித்தது. அவர் இறந்தது 1608இல்.

அப்பட்டியலில் நெடுங்கூடத்தின் திரைச்சீலை ஓவியங்கள் பெருமைமிக்கவை. விவிலியத்துக் கிதியோனின் வரலாற்றைக் கூறும் 13 துண்டுகளை அவர் 1592இல் ஹேட்டன் குடும்பத்தாரிடம் வாங்கினார். அவற்றிலிருந்த முந்தைய உடைமையாளரின் குலச்சின்னத்தை மறைத்துத் தம் சின்னத்தை இடுவித்தார். இவற்றினும் கூர்ந்து நோக்கத்தக்கது அவருடைய சொந்தப் படுக்கையறைப் பதிவு. கட்டிலுக்குச் செந்நிறக் கம்பளித் திரைகள். கணக்கில் மிகுந்த கம்பளிகள். சன்னலுக்கும் கதவுக்கும் முன்னே தொங்கவிட்ட மேற்போர்வைகள். ‘கவர்லெட்’ என்பது படுக்கையின்மேல் விரிப்பது என்றே அகராதி கூறும். இங்கு அது காற்றைத் தடுக்கும் திரையாகிறது. கண்ணாடிச் சன்னல்களுக்குப் புகழ்பெற்ற மாளிகையில் முதிய பெண்மணி ஒருவர் குளிரோடு போராடியதை அப்பட்டியல் விலை குறிக்கும் குரலிலேயே சொல்லிவிடுகிறது. நூல்கள் ஆறே: யோபு நூலுக்குக் கால்வின் எழுதிய விளக்கமும் சாலமோனின் நீதிமொழிகளும் அவற்றுள் அடங்கும்.

கடன் கொடுத்த கைம்பெண்

நடுத்தரக் கைம்பெண்ணின் பட்டியலுக்குத் திரும்பினால், பாத்திரம் பண்டம் சில பவுன்களுக்கு மேற்படாதிருக்க, இறுதியில் கடன் முறிகளாகப் பெருந்தொகை தோன்றுவதைக் காணலாம். வங்கிகள் இல்லாத காலத்தில் ஊரில் கைப்பணம் வைத்திருந்தோருள் கைம்பெண்களும் பலர். நிலத்தை உழ இயலாத முதுமையில் மாடுகளை விற்றுப் பணமாக்கி, உறவினருக்கும் அயலாருக்கும் வட்டிக்குக் கொடுத்தனர். சட்டம் இசைந்த வட்டியின் உச்சவரம்பு 1624இல் 10 விழுக்காட்டிலிருந்து 8 ஆகவும், 1651இல் 6 ஆகவும் குறைந்தது. இக்குறைப்பு கடன் வாங்கியோர்க்கு ஆதாயம். வட்டியையே நம்பியிருந்த கைம்பெண்ணுக்கு இழப்பு. மாடு முறியாக மாறியதற்குச் சொல்வரலாற்றிலும் இணை உண்டு: ஆங்கிலத்தில் ‘கேட்டில்’ (மாடு), ‘சேட்டல்’ (அசையும் பொருள்), ‘கேப்பிட்டல்’ (முதல்) மூன்றும் ஒரே இலத்தீன் சொல்லின் வழிவந்தவை. தமிழில் ‘மாடு’ என்பதற்குச் ‘செல்வம்’ என்ற பொருள் குறளிலேயே உண்டு.

இக்கடன்களைப் பட்டியல் ‘ஸ்பெரேட்’, ‘டெஸ்பெரேட்’ என இருவகைப்படுத்தும். ‘நம்பிக்கை’ என்னும் பொருளுடைய இலத்தீன் வேரின் உடன்பாடும் எதிர்மறையும் இவை. இரண்டாவதைத் ‘துணிகரமான கடன்’ என்றோ ‘அவநம்பிக்கைக் கடன்’ என்றோ எழுதத் தேவையில்லை. ‘வாராக்கடன்’ என நம் வழக்கிலேயே பொருத்தமான சொல் இருக்கிறது.

கடைசி வரி பெரும்பாலும் ‘லம்பர்’ என்றோ, மறந்துபோன பிற பொருள்கள் என்றோ அமையும். ‘தட்டுமுட்டுச் சாமான்’ என்பது அதற்குப் போதும். அதன்பின் கூட்டுத்தொகை, அதன்கீழ் மதிப்பிட்டோரின் கையொப்பம், எழுத்தறியாதவராயின் ஒரு கீறல். தொகைகளில் பல உரோமன் எண்களில் எழுதப்பட்டவை. பவுனுக்கு 20 ஷில்லிங், ஷில்லிங்குக்கு 12 பென்னி. அவற்றைக் கூட்டுவது எளிதன்று. மதிப்பீட்டாளர் அடிக்கடி தவறியுள்ளனர். மொழிபெயர்ப்பாளர் அத்தொகையை உள்ளவாறே பெயர்த்துவிட்டு, வரிகளைத் தாமே மீண்டும் கூட்டிச் சரியான தொகையை அடிக்குறிப்பில் தருவது நன்று.