வீட்டிலேயே பொருத்தும் ஆட்டோகைரோ: பென்சன் நிறுவனம்

ரஷ்யாவில் பிறந்த பொறியாளர் இகோர் பென்சன், அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் 1950-களில் தொடங்கிய சிறு நிறுவனம் பென்சன் ஏர்கிராஃப்ட். ஒருவர் அமரும் ஆட்டோகைரோவின் வரைபடங்களையும் உதிரிபாகத் தொகுப்பையும் இந்நிறுவனம் விற்றது. வாங்கியவர்கள் வீட்டிலேயே அவற்றைப் பொருத்திக்கொண்டனர். 1987-ல் நிறுவனம் மூடப்பட்டது.

ஹெலிகாப்டரில் எஞ்சினே மேல்விசிறியைச் சுழற்றும். ஆட்டோகைரோவில் எஞ்சின் பின்புற விசிறியை மட்டும் இயக்கி ஊர்தியை முன்னே தள்ளும். எதிர்வரும் காற்று மேல்விசிறியைச் சுழற்றும். எனவே பறக்கும்போது எஞ்சின் நின்றாலும் மேல்விசிறி சுழன்றுகொண்டிருக்கும். விமானி பாதுகாப்பாகத் தரையிறங்க வாய்ப்புண்டு.

ஆனால் கட்டுப்பாட்டுக் கோலைத் திடீரென முன்னோக்கித் தள்ளினால், மேல்விசிறியின் வேகம் குறைந்து ஊர்தி கட்டுப்பாட்டை இழக்கக்கூடும். ஆகவே, சொந்தமாகக் கட்டியவருக்கும் பறக்கும் முன் முறையான பயிற்சி இன்றியமையாதது.